மெத்தைக்காரருக்கு ஒரு கையெழுத்து

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் நான் செய்த ஒரு சின்னத் திருட்டுத்தனம். அதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். பிறகு நிம்மதியாக எழுதலாம்.

இந்த வருஷம் மாசி மாதம், அதாவது நாற்பத்தொன்பதாம் வருஷத்து மாசியில், மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் உள்ள வாசகசாலையில் ஒரு விவாதம் நடந்தது. "ஆபத்தான தேசம் என்று கருதப்படும் இடத்திலிருந்து வருகிறவர்களைத் தடுக்க வேண்டும்" என்பது தலைப்பு. எந்தத் தேசம் என்று நோட்டீஸில் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. நாடு இரண்டாகி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. போன ஆடியில்தான் சர்க்கார் பெர்மிட் சட்டம் கொண்டுவந்து, பாகிஸ்தானிலிருந்து யார் வந்தாலும் கையில் சீட்டு வேண்டும் என்று சொல்லியிருந்தது. கூட்டத்துக்கு வந்தவர்கள் முப்பத்தொரு பேர். ஓட்டெடுத்தபோது ஆதரவு பதினாறு, எதிர்ப்பு பதினாறு. செயலாளர் மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, வாசலில் நின்ற சுண்டல்காரரும் கை தூக்கிவிட்டார் என்று முடிவு கட்டி அவரை விரட்டினார். பாவம் அந்த மனிதர். இரண்டு பக்கமும் கை தூக்கியது நான்.

வேண்டுமென்று செய்யவில்லை. ஆதரித்துப் பேசியவர் பேசும்போது அவர் சொன்னது சரி என்று பட்டது. எதிர்த்துப் பேசியவர் பேசும்போது அதுவும் சரி என்று பட்டது. மறுநாளே பத்திரிகை ஆசிரியர் ஆள் அனுப்பிவிட்டார். "இந்த விஷயமாக இரண்டு பக்கக் கட்டுரை வேண்டும் ஓய், உம்முடைய கருத்தைத் திட்டவட்டமாகச் சொல்லும்." திட்டவட்டம் என்ற வார்த்தையைக் கேட்டாலே நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஆனாலும் உட்கார்ந்தேன். எழுதியவரைக்கும் இதோ:

"ஒரு தேசம் என்பது ஒரு வீடு. வீட்டுக்குக் கதவு உண்டு. கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. தாழ்ப்பாளுக்கு —"

தாழ்ப்பாளுக்கு என்ன உண்டு என்று யோசித்து அரை நாள் போயிற்று. ஒன்றும் கிடையாது. ஆகவே கட்டுரையைக் கைவிட்டுக் கதைக்கு வந்தேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: "சென்ட்ரல் ஸ்டேஷனில் பம்பாய் மெயில் வந்து நின்றது. மூன்றாம் வகுப்புப் பெட்டியிலிருந்து இறங்கிய மெஹபூப் அலி, எட்டு மாதமாகக் காணாத தாய்மண்ணை —"

அடித்துவிட்டேன். அடுத்தபடியாக அவர் மண்ணை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். சென்ட்ரலில் மண்ணுக்கு எங்கே போவது? சிமெண்டுத் தரையும் வெற்றிலை எச்சிலும்தான்.

இரண்டாவது தொடக்கம்: "தியாகராய நகர் உஸ்மான் ரோட்டில் வெள்ளைத்துரை நாலு வருஷம் குறையப் பதினைந்து வருஷமாக —" இதுவும் உருப்படாது. பதினொரு வருஷம் என்று சொன்னால் போயிற்று.

சரி, நேராகவே சொல்கிறேன். வெள்ளைத்துரை அண்ணாச்சிக்கு உஸ்மான் ரோட்டில் ஜவுளிக்கடை. மெத்தைத் துணி, தலையணை உறை, ஜமக்காளம். ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். வாசகசாலையில் அந்தத் தலைப்பை ஆதரித்துப் பேசியவர் இவர்தான்.* இந்தக் கதைக்கு ஒரு வில்லன் வேண்டும் என்று அவரைப் பிடித்து வைத்தேன். பெரிய மீசை வைத்தேன், உரத்த குரல் கொடுத்தேன், கல்லாவில் அதட்டி உட்கார வைத்தேன். இரண்டு பக்கத்தில் மனிதர் என் கையை விட்டு நழுவிவிட்டார். மீசை நரைத்துவிட்டது. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

(* பெயர் நான் வைத்தது. பேசியது ஒருவர், கடைக்காரர் வேறொருவர். இரண்டு பேரையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். தையல் தெரிந்தால் மன்னிக்கவும்.)

நழுவியதற்குக் காரணம் அவர் வீட்டு மாடி. கடைக்கு மேலே இரண்டு அறையில் ஒரு சிந்திக்காரர் குடும்பம் வாடகைக்கு இருந்தது. ஏழு பேர். கராச்சியில் சொந்த வீட்டை அப்படியே விட்டுவிட்டு, கட்டிய துணியோடு கப்பலேறி வந்தவர்கள். அந்த வீட்டம்மாள் கராச்சி வீட்டுச் சாவிக்கொத்தை இன்னும் இடுப்பில் செருகியிருந்தார். காலையில் குழாயடிக்கு இறங்கிவரும்போது அது குலுங்கும். அந்தச் சத்தத்தில்தான் அண்ணாச்சி தினமும் கண் விழித்தார். வாசகசாலையில் அவர் பேசியது இவ்வளவுதான்: "நல்லவன் யாரு கெட்டவன் யாருன்னு நெத்தியில எழுதியா ஒட்டியிருக்கு? தெரியுத மட்டும் கதவைச் சாத்தி வைக்கிறதுதான் புத்தி. சாத்தாம விட்டா என்னாகும்னு, வீட்டைப் பறிகொடுத்துட்டு எங்க மாடியில இருக்கவங்களை வந்து கேளுங்க." எனக்குக் கை தானாகத் தூக்கிக்கொண்டது.

3

விவாதம் முடிந்த பதினெட்டாம் நாள், மத்தியானம் கடை ஓய்ந்திருந்த நேரத்தில் மெஹபூப் அலி வந்தார்.

இவர் மெத்தைக்காரர். வீடு கச்சேரி ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில். பஞ்சு கொட்டுகிற வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு மயிலாப்பூர் வீடுகளுக்குப் போவார். கொல்லையில் உட்கார்ந்து பழைய மெத்தையைப் பிரித்து, பஞ்சைக் கொட்டி உலர்த்தி, புதுத் துணியில் அடைத்துத் தைத்துக் கொடுப்பார். துணி முழுக்க அண்ணாச்சி கடையில்தான். நாலே நாள் வேலை. ஆனால் எத்தனை நாளாகும் என்று யார் கேட்டாலும் "ஒரு மாசம் ஆவும்" என்பார். மழை வரலாம், வில்லின் நரம்பு அறுந்து போகலாம், நடுவில் ஒரு கல்யாண வீடு கூப்பிடலாம். ஒரு மாசம் என்று சொல்லிவிட்டு ஐந்தாம் நாள் மெத்தையைப் போட்டால் மாமிகள் பூரித்துப் போவார்கள். தொழில் ரகசியம்.

"என்ன பாய்! கராச்சியிலேருந்து எப்ப வந்தீரு?" என்று அண்ணாச்சி எழுந்தேவிட்டார். சந்தோஷம்தான். எட்டு மாதமாக மெத்தைத் துணி அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"வந்து பத்தொம்போது நாளாவுது அண்ணாச்சி."

"பத்தொம்பது நாளா? இங்கன வர வழி தெரியலையாக்கும்?"

மெஹபூப் அலி சிரித்தார். தாடியில் ஒரு பஞ்சு இழைகூட இல்லை. அது அண்ணாச்சிக்கு என்னவோ போலிருந்தது. மெஹபூப் அலி சட்டைப் பையிலிருந்து காகிதங்களை எடுத்துக் கல்லாப்பெட்டி மேல் வைத்தார்.

நடந்தது இதுதான். போன வைகாசியில் அவர் கராச்சிக்குப் போனார். தங்கை அன்வரி பேகத்தின் புருஷன் ரயில்வேக்காரர், மாற்றலாகி அங்கே போனவர். தங்கைக்குத் தலைப்பிரசவம், பக்கத்தில் பார்க்க ஆளில்லை. அப்போது போகவும் வரவும் சீட்டு எதுவும் வேண்டாம். குழந்தை பிறந்தது, பெயர் வைத்தார்கள். திரும்பலாம் என்று மூட்டை கட்டும்போது பெர்மிட் சட்டம் வந்துவிட்டது. பெர்மிட் ஆபீஸ் வரிசையில் மாதக்கணக்கில் நின்றார். ஒருவழியாக இவர் முறை வந்தது.

"உள்ள ஆபீசரு நல்ல மனுசன்தான் அண்ணாச்சி. தல நிமிராம எழுதிக்கினே 'எத்தினி நாளுக்கு?'ன்னு கேட்டாரு."

"சரி."

"'ஒரு மாசம் ஆவும் சாப்'னுட்டேன்."

அண்ணாச்சி அவரையே பார்த்தார். "உம்ம சொந்த வீட்டுக்கு வர்றதுக்கா?"

"நாக்குல அதான கீது! எவன் எத்தினி நாளுன்னு கேட்டாலும் அதான் வரும். அவரும் ஒரு மாசத்துக்குன்னு டப்புனு முத்திரய வச்சிட்டாரு. வெளிய வந்து வேற ஒர்த்தரு படிச்சிக் காட்டுனப்பதான் தெரிஞ்சுது. மறுபடி உள்ள போனா, வரிசைல நில்லுன்றான்."

அண்ணாச்சிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மெஹபூப் அலியும் சேர்ந்து சிரித்தார். இரண்டு பேரும் கண்ணில் நீர் வருமட்டும் சிரித்தார்கள். பிறகு மெஹபூப் அலி மட்டும் நிறுத்திவிட்டார்.

"இன்னும் பதினோரு நாளு கீது. அதுக்குள்ள இந்தப் பாரத்த எழுதிக் குடுத்தா, இந்த ஊரு ஆளுதான்னு சேத்துக்குவாங்களாம். ரெண்டு பெரிய மனுசங்க கையெழுத்து வோணும். டாக்டரு ஒண்ணு போட்டுட்டாரு." பாரத்தை அண்ணாச்சி பக்கம் நகர்த்தினார்.

அண்ணாச்சி மீசையைத் தடவினார். "நான் கூட்டத்துல பேசினது உம்ம காதுல விழுந்துட்டு. அதான் வரலை."

"விழுந்துச்சு."

"உம்மைச் சொல்லலைவே. பொதுவாச் சொன்னேன்."

"பொதுவுலதான அண்ணாச்சி நானும் கீறேன்" என்றார் மெஹபூப் அலி. கோபமாகச் சொல்லவில்லை. துணி மடிப்பு எத்தனை கெஜம் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

(இங்கே என் ஆசிரியருக்காக ஒரு பத்தி கட்டுரை. சட்டம் பொதுவாகத்தான் பேசும். அதற்கு மெஹபூப் அலி என்று ஒருவர் இருப்பது தெரியாது, தெரிந்துகொள்ளவும் முடியாது. ஆளுக்கொரு சட்டம் போட்டால் அதற்குப் பெயர் சட்டமில்லை, சலுகை. சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தவர்களுக்கு முதலில் இடம் கொடு என்பதும் நியாயம்தான். ஆனால் அந்தப் பொது என்கிற மூட்டையை எங்கே பிரித்தாலும் உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். அதற்கு என்ன செய்வது என்று — பத்தி முடிந்தது.)

4

படிவத்தில் எட்டுக் கட்டங்கள். அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். பெயர், தொழில், எத்தனை வருஷப் பழக்கம். ஏழாவது கட்டத்தில் இப்படி இருந்தது: "மேற்படி நபர் உண்மை பேசுபவர் என்று நீர் சத்தியமாக அறிவீரா?" எட்டாவது, கையெழுத்து.

அவர் பேனாவைத் திறக்கும்போது மாடிப்படியில் காலடி கேட்டது. சிந்திக்காரர் இறங்கி வந்தார். யார் எவர் என்று விசாரித்தார். கராச்சி என்ற பெயரைக் கேட்டதும் முகம் இறுகியது.

இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன், வாசகரே. இவர் ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லியிருந்தால் அதைத் தப்பென்று சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நான் எதையும் விட்டுவிட்டு வந்தவனில்லை. குடையைக்கூடத் தொலைத்ததில்லை.

சிந்திக்காரர் தமக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். "பாய், பந்தர் ரோடு போனீங்க? பின்னாடி சந்து, பச்சை கேட்டு வீடு. மேலே ரெண்டு சிங்கம். பார்த்தீங்க?"

மெஹபூப் அலி ஒரு கணம்தான் தயங்கினார். "பாத்தேன் சேட். பச்ச கேட்டு. சிங்கம் ரெண்டும் அப்டியே கீது. ஒடையல, ஒண்ணும் ஆவல."

"சிங்கம் இருக்கு!"

"புதுசா பெயிண்டுகூட அடிச்சிகீறாங்க."

சிந்திக்காரர் தரையைப் பார்த்தபடி கேட்டார். "முன்னாடி எலுமிச்சை மரம்?"

"காயா தொங்குது சேட். பறிக்க ஆளில்ல."

சிந்திக்காரர் அவர் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். மெஹபூப் அலி படிவத்தை வைத்துவிட்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். தெரு முனை திரும்பும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி," என்றார் சிந்திக்காரர், "அந்த வீட்டுலே எலுமிச்சை மரம் கிடையாது."

"என்னது?"

"எப்பவும் கிடையாது. நான் சும்மா கேட்டேன். எப்படி ஆளு பார்க்கணும்னு கேட்டேன்." அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "பொய் சொன்னார். ரொம்ப நல்லா சொன்னார்."

"அப்ப நான் கையெழுத்துப் போடலாமா, கூடாதா?"

"நான் போடமாட்டேன். எனக்கு அவரை அரை மணி நேரம் தெரியும். பதினொரு வருஷம் உங்களுக்குத்தானே தெரியும்?" என்று சொல்லிவிட்டு அவர் மாடியேறிப் போனார். நடுப்படியில் நின்று, கராச்சிக் கதவை இன்னும் நன்றாகச் சாத்தத்தான் வேண்டும் என்றும் ஒரு வார்த்தை சொன்னார்.

5

இப்போது அண்ணாச்சியின் கஷ்டம் உங்களுக்குப் புரியும். அவர் சத்தியத்துக்குப் பயந்தவர். கோர்ட்டுப் படியேறிச் சாட்சி சொன்னதில்லை. ஏட்டு கபாலி வேறு கடைக்கு வந்து விசாரணை நடத்திவிட்டு, போகிற போக்கில் ஒரு குண்டு போட்டுவிட்டுப் போனார். "பாயி தங்கமான ஆளுதான் மொதலாளி. திங்கக்கெயம திங்கக்கெயம ஸ்டேசனுக்கு டாண்ணு வந்துடறாரு. ஆனா ஒண்ணு. பொய்யா எழுதிக் குடுத்தா கேஸு அவுரு மேல வராது, உங்க மேலதான் வரும். அஞ்சு மணிக்கு மேல பாரம் வாங்கறதில்ல, அத்தையும் சொல்லிட்டேன்."

மெஹபூப் அலி நாளைக்கு வருகிறேன் என்றது ஒரு வழக்கம்தான். மறுநாளும் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. அண்ணாச்சிக்கு வெட்கம், அவருக்கும் வெட்கம். இப்படியே எட்டு நாள் ஓடிற்று.

ஒன்பதாம் நாள் வந்தது அவர் மனைவி ஜமீலுன்னிசா. கூடவே நாலு வயசு மகள் குல்ஷன். ஜமீலுன்னிசா உட்காரவில்லை.

"அண்ணே, இவுரு வந்த அன்னிக்கு நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்து ஊடே எட்டிப் பாத்துச்சு. சொந்த ஊட்டுக்கு விருந்தாளியா வந்துகீறியே, உனக்குத் தட்டு வைக்கணுமா தாம்பாளம் வைக்கணுமான்னு கேட்டேன். தெனம் அதான் கேலி. விருந்தாளிக்குத் தண்ணி குடு, விருந்தாளிக்குப் பாய் போடு." அவள் மகளின் தலையைத் தடவினாள். "இவ நெசம்னு நெனச்சிட்டா. இவளுக்கு மொகம் மறந்துபோச்சு. 'மாமு'ன்னுதான் கூப்புடறா. நேத்து கேக்கறா, அம்மா, இந்த மாமு எப்ப ஊருக்குப் போவாருன்னு."

"மாமு எனக்குப் பஞ்சுல முசல் செஞ்சி குடுத்தாரு" என்று குல்ஷன் அண்ணாச்சிக்குத் தகவல் சொன்னாள். "அதுக்கு அப்புறம் போனாக்கூட பரவால்ல."

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். இதை அலங்காரமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. துடைத்தார், அவ்வளவுதான்.

அவர்கள் போன பிறகு, இதையெல்லாம் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த இசக்கியம்மாள் வெளியே வந்தாள். அண்ணாச்சியின் மனைவி. இவளை நான் கதையில் சேர்ப்பதாக இல்லை. தானாக வந்தாள்.

"இன்னும் என்ன யோசனை பண்ணுதிய?"

"உண்மை பேசுறவரான்னு கேட்டிருக்கான்ளா. பொய்யி என் கண்ணு முன்னாலதான் சொன்னாரு. இல்லாத மரத்துல காய் தொங்குதுன்னாரு."

"நீங்க தெனமும் சாயம் போகாதுன்னு சொல்லித் துணி விக்கியளே, அது என்னது?"

"அது வியாபாரம்."

"ஒரு மாசம் ஆகும்னு சொல்லுறது அவரு வியாபாரம்."

"எலுமிச்ச மரம் வியாபாரமா?"

இசக்கியம்மாள் பதில் சொல்ல வாயெடுத்தாள். மாடியில் சாவிக்கொத்து குலுங்கிற்று. "அது வியாபாரம் இல்லைதான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

6

முடிவுக்கு வந்துவிட்டோம். மூன்று முடிவுகள் எழுதினேன். மூன்றையும் காட்டிவிடுகிறேன், எனக்கு ஒளிவுமறைவு கிடையாது.

முதல் முடிவில் அண்ணாச்சி கையெழுத்துப் போடுகிறார். இசக்கியம்மாள் கேசரி கிண்டுகிறாள். சிந்திக்காரர் வீட்டுக்கு ஒரு தட்டு, கச்சேரி ரோட்டுக்கு ஒரு தூக்கு. குல்ஷன் அப்பாவை அப்பா என்கிறாள். நானும் இரண்டு தட்டு கேசரி சாப்பிட்டுவிட்டு அதைக் கிழித்துப் போட்டேன். கதவைப் பற்றி அண்ணாச்சி சொன்னதற்குக் கேசரி பதில் ஆகாது.

இரண்டாவதில் அவர் போடவில்லை. முப்பதாம் நாள் மெஹபூப் அலி வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு பம்பாய் மெயில் ஏறுகிறார். குல்ஷன் ஜன்னலுக்குக் கை ஆட்டி, "மாமு, அடுத்த வாட்டி ரெண்டு மாசம் —" என்கிறாள். அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அன்றைக்குச் சாப்பாடும் இறங்கவில்லை.

மூன்றாவதில் டில்லியிலிருந்து தந்தி வருகிறது. சட்டத்தை மாற்றிவிட்டார்கள். இது என் ஆசிரியருக்குப் பிடிக்கும். ஒரு ஃபைலை மூன்றே வரியில் டில்லியிலிருந்து மயிலாப்பூருக்குக் கொண்டுவர எனக்குக் கற்பனை போதாது.

7

ஆகையால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் அண்ணாச்சி கல்லாப்பெட்டி மேல் படிவத்தை விரித்து வைத்தார். கபாலி பாரத்தை வாங்கிப்போக வந்து கடை வாசலில் சோடா குடித்துக்கொண்டிருந்தார். மெஹபூப் அலி எதிர்சாரியில் நின்றார், கடைக்குள் வரவில்லை. ஜமீலுன்னிசா பக்கத்தில் நின்றாள். குல்ஷன் அவர் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விருந்தாளியின் விரல்தான், ஆனாலும் இறுக்கமாகப் பிடித்திருந்தாள்.

அண்ணாச்சி ஆறு கட்டங்களை நிறுத்தாமல் நிரப்பினார். பழக்கம் எத்தனை வருஷம் என்ற இடத்தில் பதினொன்று என்று எழுதி, அழுத்தமாகக் கோடும் போட்டார். ஏழாவதற்கு வந்ததும் பேனா நின்றது. சத்தியமாக அறிவீரா? அறிவார். பதினொரு வருஷத்தில் அந்த மனிதர் துணியில் ஒரு சாண் குறைத்ததில்லை. எந்த வீட்டுக் கொல்லையிலும் ஒரு ஊசியை எடுத்ததில்லை. வாய் திறந்தால், கேட்கிறவர் மனசு நோகாத எதையாவது சொல்லிவைப்பார். இதற்கு ஆம் என்று எழுதுவதா, இல்லை என்று எழுதுவதா? இரண்டுக்கும் நடுவில் எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை.

அண்ணாச்சி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் உங்களைப் பார்க்கிறேன்.

உங்களுக்குப் பதினொரு வருஷப் பழக்கம் இல்லைதான், சில பக்கப் பழக்கம்தான். ஆனால் மெஹபூப் அலி எப்படிப் பொய் சொல்வார், யாருக்காகச் சொல்வார் என்பதைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள். மாடியில் இருக்கிறவர்களையும் உங்களுக்குத் தெரியும். அவர்களை மறந்துவிட்டு எழுதவேண்டாம். படிவத்தை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன். நாலே முக்கால் ஆகிறது. சோடா தீர்ந்துவிட்டது.

7. மேற்படி நபர் உண்மை பேசுபவர் என்று நீர் சத்தியமாக அறிவீரா? ..............................

8. கையெழுத்து ..............................

கையெழுத்துக்குக் கீழே உங்கள் விலாசத்தையும் தெளிவாக எழுதுங்கள். நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் அந்த விலாசத்துக்குத்தான் வருவார்கள். ஒன்றும் ஆகாவிட்டால், ஒரு சின்னப் பெண் தன் அப்பாவை அழைத்துக்கொண்டு அதே விலாசத்துக்கு வந்தாலும் வருவாள்.